பெறுவதற்கு எத்தனை சொற்கள்

என் மனைவிக்குப் பக்கவாதம் வந்தபோது அவள் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தாள். வெளிநாட்டில் ஷூ வாங்குகிறவர்களுக்கும் இங்கே தைக்கிறவர்களுக்கும் நடுவில் நிற்கிற வேலை அது. தோல் வந்ததா, மாதிரி ஷூ போய்ச் சேர்ந்ததா, சரக்கு எப்போது கப்பல் ஏறும் என்று நாள் முழுக்க ஆங்கிலத்தில் மெயில் எழுதிக்கொண்டிருப்பாள். நான் சத்துவாச்சாரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். வீடும் அங்கேதான்.

அன்றைக்குப் பத்தாம் வகுப்பில் இருந்தேன். போன் அடித்துக்கொண்டே இருந்ததால் வெளியே வந்து எடுத்தேன். அவளோடு வேலை செய்கிற பெண் பேசினாள்.

"சார், மேடத்துக்கு வாய் ஒரு பக்கமா போகுது. கையத் தூக்க முடில. கார்ல வேலூருக்குக் கூட்டினு வர்றோம், நீங்க நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க."

சாம்பிள் ரூமில் ஒரு ஷூவைக் கையில் வைத்துத் தையல் பார்த்துக்கொண்டிருந்தாளாம். ஷூ கீழே விழுந்தது. குனிந்து எடுக்கப் போனாள், வலது கை வரவில்லை. இடது கையால் எடுத்து மேஜைமேல் சரியாக வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தாளாம். பிறகுதான் வாய் கோணியதைப் பார்த்திருக்கிறார்கள்.

மூளையின் இடது பக்கத்தில் ரத்தக்குழாய் அடைத்துவிட்டது என்றார் டாக்டர். வலது கையும் காலும் போயிருந்தன. பேச்சும் போயிருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து வார்டுக்கு மாற்றிய பிறகு ஒரு நாள் காலையில் டாக்டர் அவள் முகத்துக்கு நேராகக் குனிந்து, "உங்க பேரு சொல்லுங்க" என்றார்.

அவள் உதட்டைக் கூட்டி முயற்சி செய்தாள். நெற்றி நரம்பு புடைத்தது. பிறகு தெளிவாகச் சொன்னாள்.

"ரிசீவ்டு."

டாக்டர் என்னைப் பார்த்தார். சென்னையில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த எங்கள் மகள் அப்போது பக்கத்தில் இருந்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதே வேகத்தில் வாயைப் பொத்திக்கொண்டு வராண்டாவுக்குப் போய்விட்டாள்.

அன்று முழுக்க அதே சொல்தான். ஊர் எது என்றால் ரிசீவ்டு. கஞ்சி குடிக்கிறாயா என்றால் ரிசீவ்டு. வலிக்கிறதா என்றால் ரிசீவ்டு. வேறு வேறு தொனியில் சொன்னாள். கேள்வியாக, கோபமாக, கெஞ்சலாக. அவள் மனதில் முழு வாக்கியம் ஓடுவது முகத்தில் தெரிந்தது. வாய்க்கு வரும்போது அந்த ஒன்றாகத்தான் வந்தது. இது இப்படிச் சிலருக்கு நடப்பதுண்டு, அடிக்கடி புழங்கின சொல் ஒன்று மட்டும் நின்றுபோகும் என்று டாக்டர் விளக்கினார். அவள் ஒவ்வொரு நாளும் எத்தனை மெயிலில் அந்தச் சொல்லை எழுதினாளோ. உங்கள் மெயில் கிடைத்தது. தோல் கிடைத்தது. குறை சொல்லி நீங்கள் எழுதியதும் கிடைத்தது.

அவள் குடியாத்தத்துக்காரி. லுங்கி நெய்கிற குடும்பம். பவர்லூம் சத்தத்தில் வளர்ந்ததால் சாதாரணமாகப் பேசும்போதே கொஞ்சம் உரக்கத்தான் பேசுவாள். தமிழ் வழியில் படித்துவிட்டு, டிப்ளமோ முடித்து, கம்பெனியில் பேக்கிங் பிரிவில் கணக்கு எழுதச் சேர்ந்தாள். கல்யாணமான புதிதில் மெர்ச்சண்டைசிங் பிரிவில் உதவியாளராக மாற்றினார்கள். அவளுக்கு ஆங்கிலம் என்று இருந்ததெல்லாம் மற்றவர்கள் எழுதிய பழைய மெயில்களைப் பார்த்துப் படித்ததுதான்.

ஒரு தடவை தோல் பதனிடுகிற இடத்திலிருந்து சரக்கு தாமதமாக வந்தது. வந்ததும் ஜெர்மனியில் இருக்கிற வாங்குகிறவருக்குச் சந்தோஷமாக எழுதினாள். தோல் எங்களுக்கு வந்துவிட்டது என்று எழுத நினைத்து, 'ஏர்ன்' என்ற சொல்லைப் போட்டுவிட்டாள். இன்று நாங்கள் தோலை உழைத்துச் சம்பாதித்தோம் என்று அர்த்தமாகிவிட்டது. அவர் நல்ல மனிதர். கஷ்டப்பட்டுச் சம்பாதித்த தோல், பார்த்துத் தைக்கச் சொல்லுங்கள் என்று பதில் போட்டிருந்தார். இவளுக்கு அது கேலி என்று புரியவில்லை. செக்‌ஷனில் எல்லாரும் சிரித்த பிறகுதான் புரிந்தது.

அன்று சாயந்திரம் வீட்டுக்கு வந்ததும் அகராதியை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஏங்க, எதப் பாத்தாலும் 'பெறு, அடை'ன்னுதான் போட்டிருக்கான். கெட், கெயின், ஏர்ன், ரிசீவ், அப்டெய்ன், அக்வயர், எல்லாத்துக்கும் அதேதான். அப்புறம் எதுக்கு இத்தனை வச்சிருக்கான்?"

"தமிழ்லயும் இல்லாமலா? கிடைக்கிறது வேற, ஈட்டுறது வேற, எய்துறது வேற" என்றேன்.

"நான் எங்கங்க எய்தறேன்? நானு வாங்கறேன்" என்றாள்.

அவள் சொன்னதும் சரிதான். பேச்சில் நாம் எல்லாவற்றையும் வாங்கிவிடுகிறோம். பால் வாங்குகிறோம், மார்க் வாங்குகிறோம், திட்டு வாங்குகிறோம், நல்ல பேர் வாங்குகிறோம். எனக்கு ஆங்கிலம் சுமார்தான். ஆனால் சொல்லைப் பிரித்துப் பார்க்கிற புத்தி உண்டு. இரண்டு பேரும் சேர்ந்து பல சாயந்திரம் அந்த வேலையைச் செய்தோம். நான் பொருள் சொல்வேன், உதாரணம் அவளுடையது. பிறகு நான் கேட்கக் கேட்க அவள் ஒப்பிப்பாள்.

"ரிசீவ்னா ஒருத்தர் குடுக்கணும், நம்ம கையை மட்டும் நீட்டுனா போதும். கொரியர் வர்றது. தாலுகா ஆபீசுக்கு நடையா நடந்து சர்டிபிகேட் வாங்குறோமே, அது அப்டெய்ன். உடம்பு போடுறது கெயின், ஏற்கெனவே இருக்கிறதுமேல ஏறுது. ஏர்ன்னா ஒழைச்சிருக்கணும், தகுதி இருக்கணும்."

"வின்?"

"அது நம்ம ஜெயிச்சா இன்னொருத்தர் தோக்கணும். ஆர்டர் வின் பண்றோம்னா பக்கத்துக் கம்பெனிக்கு அது போச்சுன்னு அர்த்தம்."

"கெட்?"

"அது எல்லாத்துக்கும் ஆவும். பஸ் கெடைக்கிறது, ஜொரம் வர்றது, அடி வாங்குறது."

"அப்போ நீ என்னைய வாங்கினது?" என்றேன்.

யோசித்துப் பார்த்துவிட்டு, "கெட்" என்றாள். "ஜொரம் மாதிரி."

அக்வயர் மட்டும் ரொம்ப நாள் அவளுக்குப் பிடிபடவில்லை. ஒரு நாள் கம்பெனி வேனில் இருந்து இறங்கி வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள். "தெரிஞ்சுடுச்சுங்க. தோல் வாடை மொதல்ல கொமட்டும், அப்புறம் பழகி, இல்லேன்னா ஒரு மாதிரி இருக்கும் பாருங்க. அந்தப் பழக்கம் நம்மள்து ஆயிடுது இல்ல, அதான் அக்வயர்." இப்படி ஒவ்வொன்றாகச் சேர்த்துச் சேர்த்துத்தான் அவள் அந்த வேலையில் நின்றாள். புதிதாக வருகிற பிள்ளைகளின் மெயிலைத் திருத்துகிற அளவுக்கு வந்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு கால் ஓரளவு தேறியது. குச்சி ஊன்றி நடந்தாள். பேச்சுப் பயிற்சிக்கு வாரத்தில் சில நாள் ஆட்டோவில் கூட்டிப் போவேன். சொல்லிக்கொடுத்தது ஒரு கேரளத்துப் பெண். படம் வரைந்த அட்டைகள் வைத்திருந்தாள். ஒரு பெண் பரிசு வாங்குகிறாள், ஒருவன் ஓடி ஜெயிக்கிறான், ஒரு ஆள் மூட்டை தூக்கிக் கூலி வாங்குகிறான். படத்தைக் காட்டி என்ன செய்கிறார் என்று கேட்பாள். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் வந்தது.

"அம்மாவுக்கு எந்த பாஷைல பேச்சு ஜாஸ்தி?" என்று அவள் என்னைக் கேட்டாள்.

வீட்டில் தமிழ்தான், ஆனால் நாள் முழுக்க ஆங்கிலத்தில் எழுதுவாள் என்றேன்.

"அப்போ ரெண்டும் பாக்கலாம் சார். எது முன்னாடி வருதோ அதைப் பிடிச்சுக்கலாம்."

என் மனைவிக்கு ஆங்கிலம்தான் வேண்டியிருந்தது. தமிழ் அட்டையை எடுத்தால் இடது கையால் தள்ளிவிடுவாள். வேலைக்குத் திரும்பப் போக ஆங்கிலம்தானே வேண்டும். வீட்டில் நான் பயிற்சி கொடுத்தேன். முதலில் வந்தது 'கெட்'. ஒரு நாள் தண்ணீர்ச் சொம்பைக் காட்டி அவளாகவே சொன்னாள். நான் எழுந்து மகளுக்குப் போன் செய்தேன். அதற்கப்புறம் மற்றதெல்லாம் வர ஆரம்பித்தது. ஆனால் இடம் மாறி மாறி வந்தது. தலைவலி என்று காட்ட 'ஏர்ன்' என்றாள். கடையிலிருந்து நான் கொண்டுவந்த கறிவேப்பிலையைக் காட்டி 'வின்' என்றாள். தமிழுக்கும் அதே கதிதான். மாத்திரை சாப்பிட்டாயா என்றால், "ஜெயிச்சேன்" என்பாள். தப்பு என்று அவளுக்கே தெரியும். சொன்ன உடனே கண்ணை இறுக்க மூடிக்கொள்வாள்.

சொற்கள் தொலைந்துவிடவில்லை, அவற்றுக்கு நடுவில் இருந்த கோடுகள்தான் அழிந்துவிட்டன என்று எனக்குத் தோன்றியது. வருஷக் கணக்காக அவள் பிரித்துப் பிரித்து வைத்ததெல்லாம் மறுபடி ஒரே குவியலாகிவிட்டது.

சில மாதம் கழித்துக் கம்பெனியிலிருந்து ஆள் வருவதாகச் சேதி வந்தது. நிர்வாகத்திலிருந்து ஒரு அதிகாரி, கூட அவள் செக்‌ஷன் பெண், அன்றைக்குப் போன் செய்தவள். நலம் விசாரிக்க மட்டும் வரவில்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது.

பேச்சுப் பயிற்சிப் பெண்ணிடம் என் மனைவி ஒரு வாக்கியம் கேட்டு வாங்கினாள். கேட்டு வாங்கினாள் என்றால் சைகையில்தான். கம்பெனி அடையாள அட்டையைக் காட்டி, வாயைக் காட்டி, கையால் முன்னும் பின்னும் அசைத்து. அந்தப் பெண் புரிந்துகொண்டு, இழந்ததைத் திரும்ப அடைவதற்கு 'ரிகெயின்' என்று இருக்கிறது என்றாள். ஐ வில் ரிகெயின் மை ஸ்பீச், கிவ் மீ டைம். என் பேச்சு திரும்பிவிடும், கொஞ்சம் அவகாசம் கொடுங்கள். அந்த வாரம் முழுக்க அதே வேலை. சமையலறையில் நான் இருக்கும்போது ஹாலில் இருந்து குரல் கேட்கும். ரி என்று ஆரம்பித்து நிற்கும். மறுபடி ரி. ஒரு தடவை முழுசாகச் சொல்லிவிட்டாள். நான் கரண்டியோடு ஓடி வந்தேன். இன்னொரு தடவை சொல்லு என்றேன். சொன்னாள்.

"தமிழ்ல சொன்னா போதாதா?" என்று கேட்டுப் பார்த்தேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டாள்.

அவர்கள் வந்த அன்று நல்ல புடவை கட்டிவிடச் சொன்னாள். பக்கத்து வீட்டம்மா வந்து கட்டிவிட்டார். அதிகாரி பழப்பையை மேஜையில் வைத்துவிட்டு, அவளுக்கு எதிரில் மரியாதையாக உட்கார்ந்தார். அவர்மேல் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பேச வந்ததைப் பேசவே சங்கடப்பட்டார்.

"மேடம், இப்போ ஆர்டர் ரொம்பக் கம்மியாயிடுச்சு. உங்க சீட்ட இவ்ளோ நாள் காலியா வச்சிருந்தோம். இனிமே முடியாதுன்னு மேல சொல்லிட்டாங்க. உங்களுக்கு வரவேண்டியதெல்லாம் வந்துடும், அதுல கொறை இருக்காது."

பேசியபடியே ஒரு கவரை எடுத்து அவள் மடியில் வைத்தார். செக்‌ஷன் பெண் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் அந்த வாக்கியத்தைச் சொல்லப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. என் வாயும் அவளோடு சேர்ந்து அசைந்தது.

"ரி..." என்றாள். "ரி..."

நாங்கள் காத்திருந்தோம்.

"ரிசீவ்டு."

அதிகாரியின் முகம் தெளிந்தது. "தேங்க் யூ மேடம்" என்று எழுந்துவிட்டார். கவரை வாங்கிக்கொண்டேன் என்று அவள் சொன்னதாக எடுத்துக்கொண்டார்.

அவள் இல்லை இல்லை என்று தலையை ஆட்டினாள். மறுபடி வாயைத் திறந்தாள். மறுபடி அதே சொல், முன்னைவிடச் சத்தமாக.

"சார், அவ சொல்ல வந்தது வேற" என்றேன். "திரும்பப் பேச்சு வந்துடும், டைம் குடுங்கன்னு கேக்கறா. ஒரு வாரமா அதத்தான் சொல்லிப் பழகினா."

அவர் என்னையும் அவளையும் பார்த்தார். "புரியுது சார்" என்றார் தணிந்த குரலில். "ஆனா இது ஏற்கெனவே முடிவு பண்ணது."

அவர்கள் வாசலுக்குப் போன பிறகு செக்‌ஷன் பெண் மட்டும் செருப்பு போடாமல் திரும்பி வந்து அவள் தோளைத் தொட்டாள். "அக்கா, நீங்க கத்துக்குடுத்ததுலதான் நான் எழுதினு இருக்கறேன்" என்றாள். என் மனைவி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

அன்றிலிருந்து பயிற்சிக்கு வர மறுத்துவிட்டாள். ஆட்டோ வந்து நின்றால் படுத்துக்கொள்வாள். வாயே திறக்கவில்லை. அந்த ஒற்றைச் சொல்லும் நின்றுபோனது. அது கேட்காமல் வீடு என்னவோ போல இருந்தது. நான் அட்டைகளை அவள் முன்னால் பரப்பி வைப்பேன். அவள் பார்க்க மாட்டாள். எனக்குக் கோபம் வரும், கோபப்பட்டு என்ன செய்ய என்று எடுத்து வைப்பேன்.

அதற்குள் மகளுக்குச் சென்னையில் வேலை கிடைத்திருந்தது. லீவில் வந்தவள் இதையெல்லாம் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அப்பா, அம்மாவ ஏன் பேஜார் பண்றீங்க? வந்த வரைக்கும் போதும்."

"வந்த வரைக்கும்னா? ஒண்ணுமே வரலையே."

"இருக்காங்க இல்ல?"

அவளுக்கு அது போதுமாக இருந்தது. எனக்குப் போதவில்லை. நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது அகராதியை வைத்துக்கொண்டு என்னோடு வழக்கடித்தவளை. அதை மகளிடம் சொல்லவில்லை.

பிறகு ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது தெருமுனையில் சிலிண்டர் வண்டிக்காரர் என்னைப் பார்த்து நிறுத்தினார்.

"சார், சிலிண்டர் எறக்கலாம்னு ஒங்க வீட்டுக்குப் போனேன். மேடம் நாளைக்கு வாங்கன்னுட்டாங்க."

"யாரு?"

"மேடம்தான் சார். கதவாண்ட வந்து சொன்னாங்களே. நாளைக்கு வாங்கன்னு."

நான் அந்த மனிதரை மூன்று தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். வீட்டில் கேஸ் தீர்ந்து முந்தின நாளிலிருந்து மின்சார அடுப்பில்தான் சமையல். அவள் எதற்கு நாளைக்கு என்றாள் என்று தெரியவில்லை. இன்றைக்கே இறக்குங்கள் என்று சொல்ல நினைத்துத்தான் நாளைக்கு என்று வந்திருக்கலாம். எனக்கு அது முக்கியமாகப் படவில்லை.

உள்ளே போனேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"சிலிண்டர்காரர்கிட்ட பேசினியாமே?"

தலையாட்டினாள். பிறகு, "வந்தான்" என்றாள். "போனான்."

அப்படித்தான் தமிழ் திரும்ப வந்தது. யாரும் சொல்லிக்கொடுத்து வரவில்லை. வா, போ, இரு, வை, சாப்பிடு. சிறு சிறு சொற்கள், குழந்தைகள் முதலில் பேசுகிறவை. வாக்கியம் இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் நீளாது. பயிற்சிக்கு மறுபடி போனோம். இந்தத் தடவை தமிழ் அட்டையைத் தள்ளிவிடவில்லை. ஆங்கிலம் வரவில்லை. வரலாம், வராமலும் போகலாம் என்று அந்தக் கேரளத்துப் பெண் உண்மையைச் சொன்னாள். பிறகு அவளும் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள்.

இப்போது என் மனைவி இடது கையால் காய் நறுக்குவாள், மெதுவாக. துணி மடிப்பாள். சாயந்திரம் நானும் அவளும் ஹைவே சர்வீஸ் ரோடு வரைக்கும் நடந்துவிட்டு வருவோம். பேச்சு என்று பார்த்தால் நான்தான் பேசிக்கொண்டு வருவேன். கூடவே நடக்கிறாள், கேட்கிறாள். முன்பெல்லாம் நான் ஒரு சொல் சொன்னால் அவள் பதிலுக்கு இரண்டு வைத்திருப்பாள்.

போன மாதம் பொறுக்காமல் கேட்டுவிட்டேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் ஆங்கிலப் புத்தகம் ஒன்று கையில் இருந்தது. அதில் அப்டெய்ன் என்ற சொல்லுக்குக் கோடு போட்டிருந்தது.

"இதுக்கு இன்னா அர்த்தம், ஞாபகம் இருக்கா?"

புத்தகத்தை வாங்கி முகத்துக்குப் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தாள். விரலால் எழுத்துகளைத் தடவினாள். எதையோ தேடுகிற மாதிரி கண் அலைந்தது. தாலுகா ஆபீஸ் என்று எடுத்துக்கொடுக்கலாமா என்று நினைத்தேன். கொடுக்கவில்லை.

"தெரில" என்றாள்.

வருத்தம் இல்லாமல் சொன்னாள். தெரியாதவர்கள் தெரியாது என்பதுபோல. புத்தகத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அந்தச் சாயந்திரங்கள் நடந்ததற்கு இனி நான் ஒருவன்தான் சாட்சி.

இந்த வைகாசியில் குடியாத்தத்தில் அவள் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். அவளுக்குப் பக்கவாதம் வந்த பிறகு போன முதல் விசேஷம். போகும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். மண்டபத்தில் எல்லாரும் அவளைச் சுற்றிக்கொண்டு உரக்க உரக்கப் பேசினார்கள், காது கேட்காதவளிடம் பேசுவதுபோல. சிலர் அவளிடம் கேட்க வேண்டியதை என்னிடம் கேட்டார்கள்.

பந்தியில் பக்கத்து இலைக்கு அவளுடைய பெரியம்மா மகள் வந்து உட்கார்ந்தாள். சின்ன வயதில் இருவரும் ஒன்றாகத் தறிக்குப் பாவு நூல் ஓட்டியவர்கள். அவளுக்கு விஷயம் அரைகுறையாகத்தான் தெரியும்.

"இன்னாடி, வேலைக்குப் போறதில்லயாமே? இப்போ இன்னா பண்ற?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். என் மனைவி இடது கையை என் முழங்கைமேல் வைத்து நிறுத்தினாள். கேட்டவள் சோற்றில் குழி பண்ணி ரசத்துக்காகக் காத்திருந்தாள்.

"இருக்கேன்" என்றாள் என் மனைவி.

"இரு இரு" என்றாள் அவள். தன் இலையிலிருந்த வடையை எடுத்து இவள் இலையில் வைத்தாள். ரசம் வந்தது. நான் என் மனைவியின் இலைச் சோற்றைப் பிசைந்துகொடுத்தேன். அவள் இடது கையால் ஸ்பூனை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தாள்.